மூன்று பத்து முதல் மூன்று ஐம்பது வரை

அக்டோபர் 14, திங்கள்

வந்து சேர்ந்துவிட்டேன். ஆம்பூரில் வண்டி ஏறும்போது வியர்த்து ஊற்றியது. அடிஸ் அபாபாவில் இறங்கியதும் பல் கிடுகிடுத்தது. நம் ஏலகிரியைப் போல இரண்டு மடங்கு உயரத்தில் இருக்கிற ஊராம். முன்பே சொல்லியிருந்தால் கம்பளிச் சட்டை இன்னும் இரண்டு எடுத்து வந்திருப்பேன்.

இரண்டு நாட்டு அரசும் சேர்ந்து நடத்துகிற பயிற்சித் திட்டம் இது. இவர்களிடம் நல்ல தோல் இருக்கிறது, ஆள் இருக்கிறது, வேகம் போதவில்லை. எங்களிடம் வேகம் இருக்கிறது. அதனால் ஷூவின் மேல்பகுதி தைக்கிற லைனில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டிய ஹெப்சிபா தேவநேசன் பத்து வாரத்துக்கு ‘நிபுணர்’. கடிதத்தில் அந்த வார்த்தையைப் படித்துவிட்டு வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

தினமும் ஆங்கிலத்தில் ஒரு அறிக்கை எழுதி அனுப்ப வேண்டும். அறிக்கை ஆங்கிலத்தில், வயிற்றெரிச்சல் தமிழில் என்று முடிவு செய்து இந்த நோட்டைத் தொடங்குகிறேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

தொழிற்சாலையைப் பார்த்தேன். நகரத்துக்கு வெளியே யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவில் நீளமான கொட்டகை. தையல் லைனில் எழுபத்துநான்கு பெண்கள். மேலாளர் பெயர் கிர்மா. அடோ கிர்மா என்று சொல்ல வேண்டும், அடோ என்றால் திரு. அதிகம் பேச மாட்டார், மேஜைமேல் பென்சில்களை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார். எனக்குத் துணையாகவும் மொழிபெயர்க்கவும் டெரெஜே என்று ஒரு பொறியாளரைக் கொடுத்திருக்கிறார்கள். முப்பது வயசு இருக்கும், வாய் ஓயாது.

அடோ கிர்மா விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார். இப்போது ஒரு நாளைக்கு 290 ஜோடி. டிசம்பர் 19-ம் தேதி வெளிநாட்டு வாங்குநரின் ஆள் வந்து ஒரு முழுநாள் எண்ணுவார். அன்றைக்கு 560 வந்தால் மூன்று வருஷத்துக்கு ஆர்டர். வராவிட்டால் தையல் லைனையே மூடிவிட்டு, தைத்த மேல்பகுதியை வெளியிலிருந்து வாங்கி இங்கே அடிப்பாகம் மட்டும் ஒட்டுவார்கள். எழுபத்துநான்கு பேருக்கும் வேலை போகும்.

“ஐந்நூற்று அறுபதா? ஆம்பூரில் அதைக் காலைச் சாப்பாட்டுக்குள் முடிப்போம்” என்றேன். வாய்க்கொழுப்பு. டெரெஜே அதை மொழிபெயர்த்தானோ என்னவோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

அக்டோபர் 16, புதன்

இன்றைக்கு நல்ல கூத்து. காலையில் எத்தனை மணிக்கு வண்டி வரும் என்று டிரைவரிடம் நேற்றுக் கேட்டேன். ஒற்றை விரலைக் காட்டினார். ஒரு மணிக்கா, மத்தியானமா வேலைக்குப் போவது என்று நினைத்துத் தூங்கிவிட்டேன். காலை ஏழு மணிக்கு வாசலில் ஹாரன் அலறுகிறது!

டெரெஜே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இந்த ஊரில் பொழுது விடிந்ததிலிருந்துதான் மணியை எண்ணுவார்களாம். நமக்குக் காலை ஏழு என்றால் இவர்களுக்கு ஒன்று. எட்டு என்றால் இரண்டு. யோசித்தால் அதுதான் நியாயமாகவும் படுகிறது. சூரியனே வராத நேரத்தில் தொடங்கி எண்ணுகிற நாம்தான் கோணல். லைனில் இருக்கிறவர்களிடம் வெளிநாட்டு மணியைப் பயன்படுத்தச் சொல்லிவிடுகிறேன் என்றான். இனி ஜென்மத்துக்கும் இது எனக்கு மறக்காது.

இன்னொன்று. ‘ஆமாம்’ என்பதற்கு இவர்கள் வாயைத் திறப்பதில்லை. சட்டென்று மூச்சை உள்ளே இழுக்கிறார்கள், அவ்வளவுதான். நான் கேள்வி கேட்டதும் நான்கு பெண்கள் ஒரே நேரத்தில் மூச்சை இழுக்க, நான் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன்.

அக்டோபர் 31, வியாழன்

430.

இருபது ஜோடி இருபது ஜோடியாகக் கட்டி நகர்த்திக்கொண்டிருந்தார்கள். ஆறாக்கினேன். மேஜைகளை ஆள் எழுந்து நடக்கத் தேவையில்லாத மாதிரி திருப்பிப் போட்டோம். விளக்கைக் கீழே இறக்கினோம். அவ்வளவுதான் செய்தது. மீதியைச் செய்தது அவர்கள் கைகள். அப்பா, என்ன கைகள்! ஒருமுறை காட்டினால் போதும், இரண்டாம் முறை என்னைவிட நேராகத் தைக்கிறார்கள். முதல் நாள் சொன்ன பேச்சை நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

லைனின் நடுவில் உட்காருகிற எட்டெனெஷைப் பற்றி எழுத வேண்டும். வயது முப்பத்தைந்துக்குமேல். வெள்ளைத் துணியைத் தலையைச் சுற்றிக் கட்டியிருப்பாள். ஷூவின் முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் சேர்க்கிற தையல் அவளுடையது. லைனிலேயே கடினமான தையல் அதுதான். பேச மாட்டாள், சிரிக்க மாட்டாள், முதுகு வளையாது. தையல் மட்டும் நூல் பிடித்தாற்போல இருக்கும். இப்படி ஒருத்தி ஆம்பூரில் கிடைத்தால் நான் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

நவம்பர் 14, வியாழன்

490. நான்கு நாளாக இதே 490. இன்னும் எழுபது எங்கே ஒளிந்திருக்கிறது?

வீட்டுக்காரர் போன் செய்தார். “இன்னா நிபுணரம்மா, சாப்ட்டியா? பொண்ணு கேக்குறா, அம்மா இன்சார்ஜ் ஆயிட்டுதான் வருவியான்னு.” இங்கே நல்ல பெயர் வாங்கினால் ஆம்பூரில் ஃப்ளோர் இன்சார்ஜ் வேலை எனக்குத்தான் என்று முதலாளி சொல்லி அனுப்பியிருக்கிறார். அதை இவரிடம் சொன்னது தப்பு. எங்கள் தெருவுக்கே இப்போது தெரிந்திருக்கும்.

நவம்பர் 18, திங்கள்

டெரெஜேயை இரண்டு வாரப் பயிற்சி வகுப்புக்கு வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. போவதற்கு முன் அவனை வைத்து ஒரு காரியம் முடித்துக்கொண்டேன். ஆளுக்கொரு கார்டு. எத்தனை ஜோடி தைத்தாய், எப்போது வேலை நின்றது, எதனால் நின்றது என்று தினமும் எழுத வேண்டும். பொய் இல்லாத கார்டுக்குச் சாயங்காலம் என் கையெழுத்து.

இது ரெனாட்டோ சாரிடம் கற்றது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன் இத்தாலியிலிருந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆம்பூர் வந்தவர். பெரிய ஆள். இன்றைக்கு நான் தெரிந்து வைத்திருப்பதில் பாதி, அவர் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தபோது ஓரமாக நின்று பார்த்தது. பிரச்சினை உள்ள மெஷினில் சிவப்பு டேப் ஒட்டுவதும் அவர் பழக்கம்தான். என் மெஷினிலும் ஒருமுறை ஒட்டினார். அது வேறு விஷயம். என் பெட்டியில் இப்போது ஐந்து ரோல் சிவப்பு டேப் இருக்கிறது.

கார்டு விளக்கிய அன்று எட்டெனெஷ் விடுப்பு. பக்கத்து மெஷின்காரி சொல்லிவிட்டாளாம்.

நவம்பர் 21, வியாழன்

மூன்று நாள் கார்டுகளைப் பார்த்தேன். தங்கமான பெண்கள். ‘வேலை நின்ற நேரம்’ என்ற கட்டம் எழுபத்துமூன்று பேருக்கும் காலி. ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

எட்டெனெஷ் ஒருத்திதான் எழுதியிருக்கிறாள். மூன்று நாளும் ஒரே மாதிரி: 3:10 முதல் 3:50 வரை. காரணம் என்ற இடத்தில் கட்டு வரவில்லை என்பதற்கு ஒரு காலிக் கூடையை வரைந்திருக்கிறாள். படம் அழகாகத்தான் இருக்கிறது.

ஆனால் நேற்று மூன்றேகாலுக்கு நான் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவள் முன்னால் நான்கு கட்டு குவிந்து கிடந்தது. அவளும் தைத்துக்கொண்டுதான் இருந்தாள். நாளை மறுபடி பார்க்கிறேன்.

நவம்பர் 22, வெள்ளி

மூன்று பத்துக்கே போய் நின்றேன். அவள் மேஜையில் ஐந்து கட்டு. மூன்று ஐம்பது வரை அசையாமல் நின்றேன். அவள் கை நிற்கவே இல்லை. சாயங்காலம் கார்டை வாங்கினால் அதே 3:10, அதே 3:50, அதே கூடை. என் கண் முன்னாலேயே!

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கார்டில் விரலை வைத்துக் காட்டினேன். கட்டுகளைக் காட்டினேன். “இது பொய்” என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்த ஒரு ஆங்கில வார்த்தை லைன் முழுக்க எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எல்லா மெஷினும் நின்றுவிட்டது.

அவள் கோபப்படவில்லை. கார்டைக் காட்டினாள். பிறகு கிழக்குப் பக்கத்து ஜன்னலைக் காட்டினாள். கையைத் தாழ்த்தி, ஜன்னலின் கீழ் ஓரத்தைத் தொடுகிற மாதிரி இரண்டுமுறை காட்டினாள். வெளியே போ என்கிறாளா? வேடிக்கை பார்க்கச் சொல்கிறாளா? நான் கையெழுத்துப் போடாமல் கார்டைத் திருப்பிக் கொடுத்தேன். அதை நான்காக மடித்து மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

இவ்வளவு நல்ல கைக்காரி இப்படிச் செய்வாள் என்று நான் நினைக்கவில்லை. மனசு சரியில்லை.

நவம்பர் 25, திங்கள்

எட்டெனெஷின் மெஷினில் சிவப்பு டேப் ஒட்டினேன். அவளை நூல் வெட்டுகிற மேஜைக்கு மாற்றச் சொல்லி அடோ கிர்மாவிடம் காரணத்தோடு எழுதிக் கொடுத்தேன்: பொய்யான பதிவு. அவர் படித்துவிட்டு ஒரு பென்சிலை எடுத்து இடம் மாற்றி வைத்தார். இனி ஆள் குறைக்க வேண்டி வந்தால் இந்தக் காகிதம் முதலில் வரும் என்றார். அது அவர் முடிவு.

அவள் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தாள். அங்கேயும் முதுகு வளையவில்லை.

நவம்பர் 28, வியாழன்

472. அவள் இடத்தில் உட்கார்ந்திருக்கும் ஸெபீபா கெட்டிக்காரிதான். பழக இன்னும் நாள் ஆகும்.

டிசம்பர் 2, திங்கள்

டெரெஜே வந்துவிட்டான். வந்ததும் கண் சிவப்பு டேப்புக்குத்தான் போனது. “எட்டெனெஷா? ஏன்?” என்றான். கார்டில் பொய் எழுதினாள் என்றேன். காட்டச் சொன்னான். கார்டு அவளிடம் இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்றேன். “மிஸ் ஹெப்சி, அவள் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை” என்றான். எனக்கு எரிச்சல் வந்தது. அவனுக்கு ஊர்ப் பாசம், எனக்கு வேலைப் பாசம்.

474.

டிசம்பர் 6, வெள்ளி

தினமும் காலை ஒன்பதிலிருந்து பத்து வரை அடோ கிர்மாவுடன் கூட்டம் இருக்கும். இன்றைக்கு அவர் அமைச்சகத்துக்குப் போய்விட்டதால் கூட்டம் இல்லை. இங்கே வந்து எட்டு வாரத்தில் முதல்முறையாகக் காலை ஒன்பது மணிக்கு லைனில் நின்றேன்.

நல்ல குளிர். கையைத் தேய்த்துக்கொண்டே நடந்தேன். முந்தின நாள் மிச்சமிருந்த கட்டுகள் தீர்ந்து, ஒன்பது பத்துக்கு ஸெபீபாவின் மெஷின் நின்றது. அவள் முன்னால் கூடை காலி. என்னைப் பார்த்ததும் பதறி, இருக்கிற நூலையெல்லாம் எடுத்து அடுக்குகிற மாதிரி பாவனை செய்தாள். முந்தின மேஜைக்கு ஓடினேன். அங்கே தோலின் ஓரத்தில் பசை தடவி மடிக்கிற ஆறு பெண்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பசையைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம். ஆம்பூர் வெயிலில் நான்கு நிமிஷத்தில் காய்கிற பசை. அதே நான்கு நிமிஷத்தைத்தான் இங்கேயும் கணக்கில் எழுதிக் கொடுத்திருந்தேன். இந்தக் குளிரில் கால் மணி நேரம் ஆகியும் காயவில்லை. ஈரத்தோடு மடித்தால் பிரிந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் காத்திருக்கிறார்கள். வெயில் ஏறினதும் எல்லாம் ஒரே நேரத்தில் காய்ந்து, கட்டு கட்டாக வந்து எட்டெனெஷின் மேஜையில் குவியும். சாயங்காலம் வரை அவள் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறாள்.

திரும்பி ஸெபீபாவிடம் வந்தேன். யூகலிப்டஸ் மரங்களைத் தாண்டி வந்த சூரியன் கிழக்கு ஜன்னலின் கீழ் ஓரத்தை அப்போதுதான் தொட்டுக்கொண்டிருந்தது.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பதேகால். இவர்களுக்கு மூன்றேகால்.

வேறு எதுவும் இன்றைக்கு எழுத முடியவில்லை.

டிசம்பர் 7, சனி

தலைவலி.

டிசம்பர் 9, திங்கள்

டெரெஜேயிடம் பசை விஷயத்தை மட்டும் சொன்னேன். துள்ளிக் குதித்தான். முந்தின நாள் சாயங்காலம் வெயில் இருக்கும்போதே மறுநாள் காலைக்கு வேண்டிய கட்டுகளை மடித்து வைத்துவிடலாம் என்று முடிவு செய்தோம். இட்லிக்கு மாவை முந்தின நாளே அரைத்து வைக்கிற மாதிரி, இதற்கு நிபுணர் தேவையே இல்லை.

போகிற போக்கில் கேட்பது போலக் கேட்டேன், காலையில் தினமும் நாற்பது நிமிஷம் நிற்கிறது, ஏன் ஒருத்தரும் கார்டில் எழுதவில்லை என்று. அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். “நீங்கள் விருந்தாளி. கொடுத்த நேரக் கணக்கு உங்களுடையது. அது தப்பு என்று விருந்தாளி கையில் எழுதிக் கொடுப்பார்களா?”

ஒருத்தி எழுதிக் கொடுத்தாள். அதை நான் அவனிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 11, புதன்

546! அடோ கிர்மா அறையைவிட்டு வெளியே வந்து என் கையைக் குலுக்கினார். பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார்கள், நம் ஊர்க் குலவை மாதிரியே இருந்தது, உடம்பு சிலிர்த்துவிட்டது. காபி வறுத்து, இடித்து, காய்ச்சி, மூன்று சுற்று கொடுத்தார்கள். மூன்றையும் குடிக்காமல் எழுந்தால் மரியாதை இல்லையாம்.

நூல் வெட்டுகிற மேஜையிலிருந்து எட்டெனெஷும் வந்து ஒரு கோப்பை எடுத்துக்கொண்டாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 13, வெள்ளி

548. இதற்குமேல் போகவில்லை. நடுத் தையலில் ஸெபீபா தன் உயிரைக் கொடுத்துத் தைக்கிறாள். ஆனாலும் பன்னிரண்டு குறைகிறது.

டிசம்பர் 16, திங்கள்

டெரெஜே அடோ கிர்மாவிடம் பேசி, எட்டெனெஷைத் திரும்ப மெஷினில் உட்கார வைக்க அனுமதி வாங்கிவிட்டான். “யாரும் எதுவும் பேச வேண்டாம். டேப்பை உரித்துவிடலாம். காலையில் வந்து உட்காரட்டும்” என்றான். எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று இந்த நோட்டில்கூட எழுத வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் 17, செவ்வாய்

அவள் உட்காரவில்லை.

டெரெஜே கூப்பிட்டதும் வந்தாள். டேப் இன்னும் உரிக்காத மெஷினைப் பார்த்தாள். மேலங்கிப் பையிலிருந்து அந்தக் கார்டை எடுத்து, மடிப்பைப் பிரித்து, கையால் நீவி மெஷின்மேல் வைத்தாள். கையெழுத்துப் போடுகிற இடத்தில் விரலை வைத்தாள்.

டெரெஜே கார்டைப் படித்தான். பிறகு என்னைப் படித்தான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வாய் ஓயாதவன் வாயை மூடினால் எவ்வளவு கனமாக இருக்கிறது!

“அலுவலகத்துக்கு வரச் சொல், அங்கே போட்டுத் தருகிறேன்” என்றேன். அவன் மொழிபெயர்த்தான். அவள் கார்டை மறுபடி நான்காக மடித்துக்கொண்டு கத்தரிக்கோலிடம் திரும்பிப் போய்விட்டாள்.

டிசம்பர் 18, புதன்

நாளை எண்ணுகிறார்கள்.

என் மெஷினில் ஒட்டிய டேப்பை ‘வேறு விஷயம்’ என்று விட்டேனே, அதை எழுதிவிடுகிறேன். ரெனாட்டோ சார் வந்தபோது எனக்குப் பத்தொன்பது வயசு. என் மெஷினின் பெல்ட் வழுக்கும். பத்து தையலுக்கு ஒருமுறை கையால் சக்கரத்தைத் தள்ள வேண்டும். மேஸ்திரியிடம் மூன்றுமுறை சொன்னேன். ரெனாட்டோ சார் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றபோது அவரிடமும் தமிழில் சொன்னேன். அவர் நல்ல மனுஷர், சிரித்துத் தலையாட்டினார். மறுநாள் சிவப்பு டேப். இரண்டு வருஷம் நூல் வெட்டினேன். அவர் இத்தாலிக்குத் திரும்பிய அன்று ரோஜா மாலை போட்டு வழியனுப்பினார்கள். என் கையில் முக்கியமான வேலை எதுவும் இல்லை என்பதால், பஜாருக்குப் போய் அந்த மாலையை வாங்கி வந்தது நான்தான். பிறகு அந்த மெஷினில் உட்கார்ந்தவள் பெல்ட்டை மாற்றச் சொல்லிச் சண்டை போட்டாள், மாற்றினார்கள். பெல்ட்டுதான் காரணம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் என்னிடம் வந்து சொல்லவில்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்காரரிடம்கூட. ரெனாட்டோ சாரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவரிடம் வேலை கற்றேன் என்றுதான் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அதுவும் உண்மைதான்.

அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டால் அவளுக்குப் போதாது. ஏன் போதாது என்று இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது. டேப் ஒட்டியது எழுபத்துமூன்று பேர் முன்னால்.

இன்றைய அறிக்கையில் எழுதி அனுப்பிவிட்டேன்: நவம்பர் 25 முதல் உற்பத்தி குறைந்ததற்குக் காரணம், பயிற்சியாளர் சரியான பதிவைத் தவறாகப் படித்தது. ஆம்பூருக்கும் ஒரு பிரதி போகும். இன்சார்ஜ் நாற்காலி வந்தால் வரட்டும், போனால் போகட்டும். போனால் அந்தத் தெருவுக்கு என்ன பதில் சொல்வது என்பதை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ளட்டும்.

டிசம்பர் 19, வியாழன்

வாங்குநரின் ஆள் ஏழரைக்கே வந்து லைன் கடைசியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கையில் அமுக்கினால் எண்ணிக்கை ஏறுகிற சின்னக் கருவி. எட்டு மணிக்கு லைன் ஓடத் தொடங்கியது.

நேற்றே செய்திருக்கலாம். ஏன் செய்யவில்லை என்றால், பயம். எட்டேகாலுக்குப் போய் மெயின் ஸ்விட்சை அணைத்தேன்.

எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் நின்றன. வாங்குநரின் ஆள் கடிகாரத்தைப் பார்த்தார். அடோ கிர்மா ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அதுதான் முதல்முறை. “இன்றைக்கா? இப்போதா?” என்றார்.

“பத்து நிமிஷம், அடோ கிர்மா. இது என் கடன்” என்றேன். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, வாங்குநரின் ஆள் முன்னால் போய் நின்று அவர் பார்வையை மறைத்துக்கொண்டார். அந்த மனுஷனை அந்த நிமிஷத்தில் எனக்கு எவ்வளவு பிடித்துப்போனது!

நூல் வெட்டுகிற மேஜைக்குப் போனேன். டெரெஜே கூடவே வந்தான். உரக்கச் சொல், கடைசி மேஜை வரை கேட்க வேண்டும் என்று அவனிடம் சொல்லிவிட்டுத் தொடங்கினேன்.

“எட்டெனெஷ், உங்கள் கார்டில் எழுதியிருந்தது எல்லாம் உண்மை. நீங்கள் உங்கள் ஊர் மணியில் எழுதினீர்கள். நான் என் ஊர் மணியில் படித்தேன். நீங்கள் சூரியனையே காட்டினீர்கள், நான் பார்க்கவில்லை. பசை காயாததை எனக்குச் சொன்ன ஒரே ஆள் நீங்கள். இன்றைக்கு இந்த லைன் ஓடுவது நீங்கள் எழுதியதால்தான். அதற்கு நான் உங்களைப் பொய்க்காரி என்றேன். தப்பு என்னுடையது. மன்னித்துவிடுங்கள்.”

டெரெஜே கடைசி வார்த்தை வரை உரக்கச் சொல்லி முடித்தான். நான் நடந்து போய் மெஷினிலிருந்த சிவப்பு டேப்பை நானே உரித்தேன். நன்றாகத்தான் ஒட்டியிருந்தேன், நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவளிடம் திரும்பி வந்து கையை நீட்டினேன். அவள் கார்டை எடுத்தாள். மடிப்பு விழுந்த இடமெல்லாம் நைந்து போயிருந்தது. எல்லோர் முன்னாலும் கையெழுத்துப் போட்டேன்.

“மெஷினுக்கு வருகிறீர்களா?” என்று கேட்டேன்.

கார்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். மூச்சைச் சட்டென்று உள்ளே இழுத்தாள்.

ஸெபீபா தானாகவே எழுந்து நாற்காலியைத் துடைத்து இழுத்துப் போட்டாள். யாரும் குலவை போடவில்லை, கை தட்டவில்லை. எட்டெனெஷ் உட்கார்ந்து, ஊசியை விரலால் தொட்டுப் பார்த்து, ஸ்விட்ச் பக்கம் நிற்கிற ஆளைப் பார்த்துத் தலையசைத்தாள். லைன் ஓடத் தொடங்கியது.

அதற்குப் பிறகு அவள் தைத்ததைப் பார்த்திருக்க வேண்டும். ஸெபீபா பக்கத்தில் நின்று கட்டு எடுத்துக் கொடுக்க, ஒரு தோலுக்கும் அடுத்த தோலுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. இருபத்தாறு வருஷத்தில் நான் பார்த்த மிக நல்ல தையல் இது. இதை எழுத எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

ஐந்து மணிக்கு வாங்குநரின் ஆள் கருவியை அடோ கிர்மாவிடம் காட்டினார். 563.

அதன் பிறகு நடந்ததெல்லாம் அழுகை, குலவை, காபி. அடோ கிர்மா தன் பென்சில் ஒன்றை எனக்குப் பரிசாகக் கொடுத்தார். அந்தப் பொய்ப்பதிவுக் காகிதத்தை என் கையிலேயே கொடுத்து, நீங்களே கிழியுங்கள் என்றார். கிழித்தேன்.

மூன்றாவது சுற்றுக் காபி நடக்கும்போது எட்டெனெஷ் வந்து இன்றைய கார்டை நீட்டினாள். கையெழுத்துக்கு. ஆர்டர் வந்தாலும் வானம் இடிந்தாலும் அவளுக்குச் சாயங்காலம் கையெழுத்து வேண்டும். வாங்கிப் பார்த்தேன். ‘வேலை நின்ற நேரம்’ கட்டத்தில் எழுதியிருந்தாள்: 2:15 முதல் 2:25 வரை. காரணம் என்ற இடத்தில் கூடை இல்லை. ஒரு பெண்ணின் படம். புடவை கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்துகொண்டு, கையில் ஒரு துண்டு டேப்போடு.

முகத்தைப் பார்த்தேன். சிரிக்கிறாளா என்று சத்தியமாகத் தெரியவில்லை.

இரண்டேகால் என்றால் நமக்குக் காலை எட்டேகால். மெஷின் நின்றது சரியாகப் பத்து நிமிஷம்தான். பொய் எதுவும் இல்லாத கார்டு. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.